மாதிரி எண் 217

மூன்றாவது கட்டியும் உடைய மறுத்தபோது பொற்கொடிக்கு இருந்த சந்தேகம் நிச்சயமாகிவிட்டது. இது ரோட்டில் போட்ட காங்கிரீட் இல்லை.

போடிக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் அவள் ஆறு வருடமாக டெக்னீஷியன். சுற்றுவட்டாரத்தில் யார் ரோடு போட்டாலும், பாலம் கட்டினாலும், அதே காங்கிரீட்டில் அரையடிக் கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இங்கே கொண்டுவர வேண்டும். அவள் அதை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுதுவாள். கரடிமொட்டை மலைரோட்டுக்கு முப்பது வந்தால் பாஸ். காண்ட்ராக்டர் ஜக்கையன் கொண்டுவந்த கட்டி நாற்பத்தொன்பதில் போய் நின்றது.

"ஏண்ணே, மலைக்கு ரோடு போட்டீங்களா, இல்ல அணை கட்டுனீங்களா?"

"நம்ம சோலி அப்பிடி ஆத்தா" என்று மீசையைத் தடவினார் ஜக்கையன். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றில் ஒன்று கூட எழுதாது. கையெழுத்துப் போட அவளிடம்தான் எப்போதும் பேனா கேட்பார்.

பொற்கொடி பேனாவைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தாள். அவளுடைய அம்மா முத்துப்பேச்சி தினமும் விடியுமுன் ஜீப்பில் பதினாலு பேரோடு பதினைந்தாவது ஆளாக அடைந்து, அதே கரடிமொட்டை ரோட்டில்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். போன வருஷ மழையில் பழைய ரோடு கரைந்து ஜீப் சாய்ந்ததில் அவளுக்கு இடது கை முறிந்தது. கை கூடிவிட்டது, பயம் கூடவில்லை. இன்றைக்கும் போகவர ஒன்றரை மணி நேரம் ஜீப் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே போகிறாள். புது ரோடு போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள், "ஓரமெல்லாம் மாவு மாதிரி உதிருதுடி" என்று நேற்று ராத்திரி சேலை மடிப்பை உதறிக் காட்டினாள். உண்மையிலேயே மாவு மாதிரிதான் கொட்டியது.

காண்ட்ராக்டர்கள் செய்கிற வேலை அவளுக்குத் தெரியாதா? சோதனைக்கென்று நாலு சட்டி சிமெண்ட் கூடுதலாகப் போட்டுத் தனியாக வார்த்து எடுத்து வருவார்கள். ரோட்டுக்கு வேறு கலவை. ஆனால் சோதனைக்கூடத்துக்கு ஒரு வரையறை உண்டு. வாசலுக்கு வந்த கட்டியைத்தான் நசுக்கலாம். ரோட்டைத் துளைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நெடுஞ்சாலை ஆபீசிலிருந்து கடிதம் வர வேண்டும். கட்டி நாற்பத்தொன்பது வந்த பிறகு எந்த ஆபீஸ் கடிதம் கொடுக்கும்?

ஜக்கையன் கிளம்பும்போது மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். "எங்க கடை ஏலக்காய், ஒரு கிலோ. சாரும் நீயும் டீயில போட்டுக் குடிங்க. திங்கக்கிழமை ரிப்போர்ட்ட வெரசா குடுத்துருங்க."

ஜீப் சத்தம் மறைந்ததும் உள் அறையிலிருந்து பேராசிரியர் நிலவன் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுகிறவர்.

"திருப்பிக் கொடுத்துடும்மா."

"எப்படி சார்? இந்த வாசலைத் தாண்டி வந்த எதுக்கும் நம்பர் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவர் அவர்தான். இரண்டு வருஷம் முன்பு ஒரு மூட்டை ஜல்லி காணாமல் போய், துணைவேந்தர் வரைக்கும் விளக்கம் எழுதி நொந்தபோது போட்ட சட்டம் அது. உள்ளே வருகிற எதற்கும் நம்பர், அனுப்பியவர் பெயர், சோதனை, ரிப்போர்ட். நம்பர் போட்டதைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது, மூன்று மாதம் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அந்தச் சட்டம் வந்த புதிதில் அவருடைய டிபன் கேரியருக்கே நம்பர் போட்டு ஒட்டிவிட்டாள் பொற்கொடி. பாவம், அன்று மூன்று மணிக்குத்தான் அவருக்குச் சாப்பாடு.

"ஏலக்காயை என்ன சோதனை பண்ணுவ?" என்றார் பரிதாபமாக.

"ஜல்லிக்கு என்ன பண்றோம் சார்? சலிக்கிறோம். காய்க்கும் அதேதான்."

சோதனைக்கூடத்தில் பத்து மில்லிமீட்டர் சல்லடை இருந்தது, அதற்கடுத்து ஆறு சொச்சம். நடுவில், முதல்தரக் காயைப் பிரிக்கிற எட்டு இல்லை. அதற்கென்ன, மலை ஏறாத நாளில் அம்மா குடோனில் காய் பொறுக்குகிறவள். வீட்டிலேயே எட்டு மில்லி சல்லடை தொங்கியது. திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பொட்டலத்தை மொத்தமாகக் கொட்டி, ஜல்லி சலிக்கும் மெஷினில் மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிட்டாள். மெஷின் பிறந்ததிலிருந்து அதற்கு இவ்வளவு வாசமான வேலை வந்ததில்லை. நிலவன் சார் இரண்டு தடவை வெளியே வந்து மூச்சை இழுத்துவிட்டுப் போனார்.

சல்லடையில் தங்கியது பாதி கூட இல்லை. பொட்டலத்தில் மேலாக நாலு விரல்கடைக்குத்தான் பருத்த காய். அடியில் முழுக்க சுருங்கின காய், பிளந்த காய். லஞ்சத்திலும் கலப்படம் பண்ணுகிற மனுஷன் ரோட்டில் பண்ணமாட்டாரா என்று அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ரிப்போர்ட்டை நிரப்பினாள். மாதிரி எண் 217. பொருள் ஏலக்காய். அனுப்பியவர் ஜக்கையன், கரடிமொட்டை ரோடு ஒப்பந்தக்காரர். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணே, காய்க்கு ரிப்போர்ட் ரெடி. சோதனையின் நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுத?"

"ஏம்மா... இரு, இரு, வர்றேன், எதையும் எழுதிராத!"

இருபது நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். அவருடைய கெட்ட நேரம், கட்டி ரிப்போர்ட் வாங்க நெடுஞ்சாலை உதவிப் பொறியாளர் சுகன்யா அதற்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் 217.

"ஜக்கையன், இது என்ன ஏலக்காய்?"

"அது... மறந்து வச்சிட்டுப் போனது மேடம். என்னுதே இல்ல."

"அப்ப பேரை அடிச்சிரலாம்" என்று பொற்கொடி அப்பாவியாகப் பேனாவை எடுத்தாள். "நல்லதாப் போச்சுண்ணே. ரிசல்ட்டைப் பார்த்துட்டு, ஏலச் சந்தையில மூணு தலைமுறையா இருக்கிற குடும்பத்துக் காயா இவ்வளவு மட்டம்னு நானே கூசிப் போயிட்டேன். சொத்தையும் சூம்பலும். எட்டு மில்லி பாதி கூட இல்ல."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜக்கையன் தப்பித்திருப்பார். ரோடு மட்டம் என்று சொல்லியிருந்தால் கூடச் சிரித்திருப்பார். ஆனால் ஏலக்காயிலேயே வாழ்கிற போடிக்காரனிடம் போய் உன் காய் மட்டம் என்றால் என்ன ஆகும்? முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது.

"யாரு காய மட்டம்ங்கிற? எங்கப்பா மூட்டைன்னா பிரிச்சுக்கூடப் பாக்காம ஏலம் கேப்பாங்க! நான் குடுத்த ஒரு கிலோவ வச்சு என் காயப் பத்திப் பேசுறியா? வா கடைக்கு! மூட்டை கெடக்கு. மேல, நடுவுல, அடியில மூணு எடத்துல நீயே கைய விட்டு எடுத்துச் சலிச்சுப் பாரு!"

"நீங்க குடுத்ததை வச்சுச் சொல்லக் கூடாதாண்ணே?"

"எந்தக் கிறுக்கன் சொல்லுவான்? விக்கிறவன் எடுத்துக் குடுக்கிற மாதிரிய நம்பி எவனாச்சும் சரக்கு வாங்குவானா? வாங்குறவன்ல கைய விட்டு எடுக்கணும்! அதான் முறை!"

மேஜையில் 217-க்குப் பக்கத்திலேயே அந்தக் கட்டி ரிப்போர்ட்டும் கிடந்தது, நாற்பத்தொன்பது என்று. சுகன்யா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முறையைச் சரியாத்தான் சொல்றீங்க" என்றாள். "கட்டியும் நீங்களா எடுத்துக் கொடுத்ததுதானே? ரோட்டுல நாங்களே கையை விட்டுப் பார்த்துக்கிறோம். பொற்கொடி, ஒரு தாள் கொடுங்க, துளைபோடக் கடிதம் எழுதித் தர்றேன்."

ஒப்பந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நீட்டியபோது ஜக்கையன் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிறுக்கிப் பார்த்தார். பொற்கொடி தன் பேனாவின் மூடியைத் திறந்தே கொடுத்தாள்.

புதன்கிழமை கரடிமொட்டையின் நாலாவது வளைவில் மெஷினை நட்டு, தண்ணீர் விட்டுத் துளைத்தார்கள். மேலே இரண்டு அங்குலம் கல்லாக வந்தது. அதற்குக் கீழே உருளையாக வர வேண்டியது துண்டு துண்டாக உதிர்ந்து, கடைசியில் ஜல்லியைக் கையாலேயே அள்ளி எடுத்தார்கள். அந்த நேரம் தோட்டத்திலிருந்து இறங்கிய ஜீப் அங்கே நின்றது. முத்துப்பேச்சி இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்து, காய் பார்க்கிற பழக்கத்தில் இரண்டு விரலால் நசுக்கினாள். நசுங்கியது.

"மேலாப்புல மட்டுந்தாண்டி நல்ல காய்" என்றாள்.

ரோட்டைப் பெயர்த்து மறுபடியும் போடச் சொல்லி ஜக்கையனுக்கு உத்தரவு வந்தது. இந்தத் தடவை கலவை போட்ட அத்தனை நாளும் பொற்கொடியே சட்டியோடு போய், மிக்சர் வாயில் கையை விட்டு எடுத்துக் கட்டி வார்த்தாள். முப்பத்திநாலு வந்தது. அலங்காரம் இல்லாத, உண்மையான முப்பத்திநாலு.

புது ரோடு திறந்த மறுநாள் சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழையும்போதே ஏசிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் உன் ரோட்டால வந்த வினைடி! கங்காணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எறங்குற எடம் தாண்டி ரெண்டு மைல் போயிட்டேன். ஒருத்தியாச்சும் எழுப்பணுமே!"

"எழுப்பணுமா? ஏம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? தூங்கிட்டேன்."

பொற்கொடி அம்மாவின் கைகளைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"இப்ப எதுக்குடி அழுவுற?" என்று அம்மா அதற்கும் சேர்த்து ஏசினாள்.