கூபியாக்கின் மூக்கில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருட நவம்பர் முயல் கண்காட்சியில், நடுவர் அல்ஃபோன்ஸ் கூபியாக் எச்சில் தொட்ட கைக்குட்டையால் ஒரு முயலின் மூக்கைத் துடைத்தார். மூக்கிலிருந்த கறுப்புப் பட்டாம்பூச்சி மச்சம் சிறகடித்துக் கிளம்பி, அவர் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவேயில்லை. தப்பு அவருடையதுதான். ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் புள்ளி முயலுக்கு மரியாதையே மச்சத்தால்தான்: மூக்கில் இரு சிறகும் சமமாக விரிந்த பட்டாம்பூச்சி, கண்ணைச் சுற்றி அறுபடாத வளையம், கன்னத்தில் எதையும் தொடாத பொட்டு, முதுகோடு வால்வரை ஓடும் கோடு. சிறகு ஒரு நூல் பிசகினால் முயல் மேசையிலிருந்து நேரே சட்டிக்குப் போகும். அதனால் சிலர் ஷூ பாலிஷால் பிசகைச் சரிசெய்வதுண்டு. நடுவர்கள் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பதும் உண்டு. அந்த முயலோ சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக இருந்தது. கொண்டுவந்த எர்னா ஷிமான்ஸ்கியின் நகக்கண்ணில் கறுப்புச் சாயம் வேறு. மூன்று வாரம் முன்பு புருஷன் சுரங்கத்தில் செத்துப்போக, இருந்த நாலு கவுனையும் துக்கத்துக்காக அவள் வீட்டிலேயே கறுப்பாக்கியிருந்தாள். இது மண்டபம் முழுக்கத் தெரியும். முயலைப் பற்றி எல்லாம் தெரிந்த கூபியாக்குக்கு மட்டும் மனுஷரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கண்ணில் பட்டதை அட்டையில் எழுதுவது விதி. தன் மூக்கில் பட்டாம்பூச்சி துடித்துக்கொண்டிருக்க, ‘பட்டாம்பூச்சி இல்லை, தகுதியிழப்பு’ என்று நேர்மையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எர்னா முயலைக் கூடையில் வைத்து மூடிக்கொண்டு போனாள். சோப்பு, மண்ணெண்ணெய், படிகாரக்கல், ஒரு டாக்டர் கொடுத்த களிம்பு எதற்கும் பூச்சி அசையவில்லை. கோடையில் சிறகை விரித்தது, குளிரில் மடித்துக்கொண்டது. ஊர் மிகவும் நாகரிகமான ஊர். எல்லோரும் அவர் தொப்பியைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டார்கள். முயல் வளர்ப்போர் சங்கத்தில் புள்ளி முயல் அவரிடம் வருவது நின்றது. கறுப்பு, நீலம், சாம்பல் என்று ஒருநிற முயல்கள்தான் வந்தன. ரோமத்தை ஊதிப் பிரித்து அடிநிறம் பார்க்கும்போது பூச்சியும் கூடவே குனிந்து பார்த்தது. ஞாயிறு பிற்பகல்களில் கேக்கை இரண்டாக வெட்டி, இரண்டையும் அவரே தின்றார்.

“எர்னாவுக்கு என் மேல கோபமா?” என்று அவர் கேட்காத ஆளில்லை. “சேச்சே, ஒரு முயல்தானேப்பா, பீரைக் குடி,” என்றார் சங்கத் தலைவர் ஹூபெர்ட், தொப்பியிடம். “இந்த மழை விடாது போலிருக்கு, கூபியாக்,” என்றாள் ரொட்டிக்கடைக்காரி. வருடத்துக்கு ஒருமுறை எர்னா வீட்டு வாசல்வரை போவார், செருப்பைத் தேய்ப்பார், திரும்பிவிடுவார். இப்படிப் பதினொரு வருடம். பேசிப் பழக்கம் போய், கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்கக்கூட வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனார்.

அறுபத்தொன்பது நவம்பரில் கதவைத் தட்டியேவிட்டார். எர்னா உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியை அவள் பார்க்கவில்லை. மாவுக் கையால் அவர் தாடையைப் பிடித்து, நடுவர்கள் செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“இடது சிறகு கொஞ்சம் தூக்கல்,” என்றாள். “முயல் மேல இருக்கறப்ப இப்படி இல்ல.”

“அது...”

“அந்த முயல் வெள்ளை மூக்கோட ஆறு வருஷம் இருந்துச்சு. சட்டியில போடல.”

கூபியாக் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், ஊரெல்லாம் போய்க் கேட்டதையே அவளிடமும் கேட்டார்: “என் மேல கோபமா?”

“பின்ன? முயலுக்காக இல்ல. திருட்டுச் சாயம் பூசறவள்னு ஊர் முன்னால துடைச்சுப் பார்த்தீங்களே, அதுக்கு. பதினொரு வருஷமா கோபம். இன்னிக்கும் இருக்கு, நாளைக்கும் இருக்கும்,” என்றாள் எர்னா, அவர் முகத்தை நேராகப் பார்த்து. “கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க. பூச்சிக்குக் குளிருது.”