ஆறு மாத நீக்கம்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மாக்கண்ணு பிள்ளைக் காம்பரா பார்த்துக்கொள்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப்போவார்கள். சர்ச்சுக்குப் போய் வளர்ந்த அவளுக்கு இருபத்தேழு வருடங்களுக்கு முன் மாரியம்மன் கோவிலில் அழகுமுத்து தாலி கட்டினார். மறுவாரமே சர்ச் செயலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்றபடி, "ஒன்னைய சபை நீக்கம் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்டவரே தன் பேரை அடித்துவிட்டார் என்று அவள் அர்த்தம் எடுத்துக்கொண்டாள். சில நாள் அழுதாள். பிறகு பழகிவிட்டது. ஞாயிறுகளில் மேட்டுச் சர்ச்சிலிருந்து பாட்டுக் கேட்டால், துணி துவைத்தபடியே கூடப் பாடுவாள். வீட்டுக்காரர் தங்கமான மனுசன். வேறு குறையில்லை.

போன மாதம் ரோகினி டீச்சர் காம்பராவுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. சர்ச்சின் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கட பேர் கிடக்கு. ஆறு மாத சபை நீக்கம் எண்டு."

தொட்டிலை ஆட்டிய கை நின்றது. "ஆறு மாசமா?"

"ஓம். வடிவாப் பாருங்கோ." போனில் இருந்த பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைக் காட்டினாள்.

"அப்பன்னா ஆண்டவரு என்னைய ஒதுக்கலீங்களா?"

"அந்தச் சொல்லுக்கு அது அர்த்தமில்லை அக்கா. ஆறு மாதத்துக்குத் திருவிருந்து அப்பம் எடுக்கேலாது, அவ்வளவுதான். உள்ள வந்து இருந்திருக்கலாம், பாடியிருக்கலாம்."

ஒரு நிமிடம் அம்மாக்கண்ணுவுக்குக் கோபம்தான் வந்தது. செயலாளர் செத்தே பத்து வருடமாகிறது, யாரிடம் போய்க் கேட்பது? பிறகு சிரிப்பு வந்தது. தூங்கிய குழந்தைகள் எழும்பிவிடாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாயந்தரம் விஷயத்தைக் கேட்ட அழகுமுத்து, "என்னையக் கட்டுனதுக்கு ஆறு மாசந்தானா? கம்மியாப் போட்டிருக்காங்களே" என்றார்.

"நாயித்துக்கெழம வர்றீங்களா?"

"கூப்புட்டா வர மாட்டேனா?"

இருவரும் போனார்கள். அவர் விபூதியோடுதான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை. போதகர் அப்பத்தைத் தன் கையில் வைத்தபோது அம்மாக்கண்ணுவுக்குக் கண் கலங்கியது. ஆராதனை முடிந்து எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார்கள். பாட்டுக் குழுவிலிருந்த லக்சனா அவளிடம் வந்தாள்.

"ஒங்க கொரல் நல்லா இருக்குங்க. சனிக்கெழம ரெண்டு மணிக்கு ப்ராக்டிஸ் இருக்கு."

"வந்துர்றேன்" என்றாள் அம்மாக்கண்ணு.