பின்சீட்டு பிரேக்

கல்யாணமான நாளிலிருந்து அந்த மோட்டார் சைக்கிளின் பின்சீட்டிலேயே காலம் தள்ளியவள் முன்சீட்டுக்கு வந்தாள்; முன்சீட்டுக்காரர் பின்னால் போனார். இதில் இருவருக்குமே இஷ்டமில்லை. கூரியர் பையோடு ஊரையே அளந்த மனிதருக்குக் கண் மங்கிவிட்டது. எதிரில் இருப்பது லாரியா சுவரா என்று கிட்டப் போனால்தான் தெரியும். இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். கூப்பிட்டால் "ம்", சோறு போட்டால் "போதும்". வண்டியை விற்றுவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் பேசியும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்குகிற ஆள் வருவானாம். வண்டியும் போய்விட்டால் இவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் வாயைக் கொடுத்தாள்.

"நான் கத்துக்கறேங்க."

"நீயா? சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கா நிறுத்தக் கத்துக்க. இல்லன்னா வண்டி போகட்டும்."

ஓட்டுவதில் தகராறு இல்லை. கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்புவதும் கியர் மாற்றுவதும் சீக்கிரமே கைவந்துவிட்டன. நிறுத்துவதில்தான் வம்பு. எதிரில் ஏதாவது தெரிந்தால் போதும், பிரேக்கின் மேல் இருந்த வலது கால் சட்டென்று எழும்பிவிடும். வண்டி அது பாட்டுக்குப் போகும். பின்னால் இருந்தவருக்கோ பழைய பழக்கம் விடவில்லை. அவர் வலது கால் தன் கால்மிதியை ஓங்கி அமுக்கும், முழங்கால் அவள் இடுப்பில் இடிக்கும். பின்சீட்டில் பிரேக் ஏது? வண்டி நேரே போய் வேலியில் முட்டி நின்றது.

"அமுக்குன்னு கத்தறேன், காலை ஏன் தூக்கற?"

"நான் எங்க தூக்கறேன்? அதுவா தூக்குது!"

சனிக்கிழமை அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது. மிதியிலிருந்து வலது கால் சட்டென்று எழும்பியது. மெஷின் நின்றது. அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள். மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். இத்தனை வருஷமும் அந்தக் கால் படித்த படிப்பு அது ஒன்றுதான். அதைப் போய்த் திட்டித் தீர்த்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னக்கா, காலரு ஜோக் சொல்லுதா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"அப்ப ஒண்ணு செய்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பயம் வந்தா நிறுத்தணும்னு நினைக்காத. தைக்கணும்னு நினை."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கிடங்குத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாசலிலிருந்து லாரி பீப் பீப் என்று அலறிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்தது. அவள் வலது கால் எழும்பப் பார்த்தது. தையல் போடு, தையல் போடு என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு மிதித்தாள். கைகளும் கிளட்சையும் பிரேக்கையும் பிடித்தன. வண்டி குலுங்கி நின்றது. லாரி நிதானமாகத் திரும்பித் தன் வழியே போனது.

மூச்சு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இடுப்பில் முழங்கால் இடிக்கவே இல்லை.

"ஏங்க, லாரி சத்தம் கேக்கலயா உங்களுக்கு?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கால் சும்மா இருந்துச்சு?"

"நீதான ஓட்டற," என்றார்.

ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் நிறைந்துவிட்டன, துடைக்கவும் வழியில்லை.

"வண்டியை மெக்கானிக் கடைக்கு விடு. சாயங்காலம் யாரும் வர வேணாம்னு நானே நேர்ல சொல்லிக்கறேன்."