பதினான்காம் பக்கத்து நீலக் கதவு

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், கீழிருந்து இரண்டாம் தட்டில் இருக்கும் படப்புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில், சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் ஒரு பெண் பதினாறு வருடங்களாகக் குடியிருக்கிறாள். முதல் பன்னிரண்டு வருடங்கள் அவளுடைய மகளும் உடன் இருந்தாள்.

அது வீடிழந்த ஒரு குடும்பத்தின் கதை. பதின்மூன்று பக்கங்களுக்கு அலைவார்கள். கடைசிப் பக்கத்தில் நீலக் கதவு வைத்த வீடு ஒன்று இருக்கும். அது அவர்களுக்குக் கிடைத்ததா என்று எழுதியவர் சொல்லவில்லை. எட்டு வயதில் மகள் அதை இரவல் கேட்டாள். படிவத்தில் முகவரி எழுத வேண்டும். அம்மாவும் மகளும் இருந்தது மேம்பாலத்தின் அடியில், மூன்றாம் தூணோரம். வெளியூருக்குக் கட்டட வேலைக்குப் போன கொத்தனார் அப்பா திரும்பினால் தேடிவரப் போவதும் அங்கேதான்.

“தூணையெல்லாம் எழுத முடியாது கண்ணு,” என்றார் நூலகர்.

“அப்ப பதினாலாம் பக்கம்னு போட்டுக்கங்க அக்கா. வீடு சும்மாதானே கெடக்கு.”

நூலகருக்கு மறுத்துப் பேச வராது. எழுதிவிட்டார். உறுப்பினர் அட்டை தபாலில் போனது. தபால்காரர் இதைவிட மோசமான முகவரிகளைப் பார்த்தவர். நூலகத்துக்கு வந்து, புத்தகத்தைத் திறந்து, நீலக் கதவருகே அட்டையை வைத்துவிட்டுப் போனார். பாலத்தடியைக் காலி செய்ய ஆட்கள் வந்த வாரம், படத்து வீட்டின் கொடியில் இரண்டு துண்டுகள் காய்ந்தன. கிளம்புமுன் மகள் தூணில் சாக்பீஸால் புது முகவரியை எழுதியிருந்தாள். அங்கே மழை படாததால் அது அழியவில்லை.

அம்மா நூலகம் திறந்ததும் வேலைக்குப் போவாள், மூடுமுன் திரும்புவாள். புத்தகத்தைத் தலைகீழாக வைக்க வேண்டாம் என்பதைத் தவிர எதுவும் கேட்டதில்லை. மகள் படித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, இரண்டு அறை வீடு பிடித்து அவளைக் கூப்பிட்டாள். அப்பா வந்தால் தானே அழைத்து வருவதாகவும் சொன்னாள்.

“பூட்டின வீட்டைப் பாத்தா அப்படியே திரும்பிடுவாரு. வழி கேக்கக் கூச்சப்படுற மனுஷன்டி அவரு.”

அந்த வருடமே, முதல் பக்கத்தில், கொத்தனார் கரணை நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு ஒருவர் தென்பட்டார். அந்தப் புத்தகத்தில் காத்திருக்க வேண்டிய இடங்கள் அதிகம். நான்காம் பக்கத்துத் தண்ணீர் வரிசையில் எட்டு மாதம் நின்றார். ஏழாம் பக்கத்து அலுவலகத்தில் இருப்பிடச் சான்று கேட்டார்கள். அங்கே இரண்டு வருடம். அம்மா வேலைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து அவருடைய முதுகைப் பார்ப்பாள். கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் திரும்புவார், வரிசையில் இடம் போய்விடும்.

சென்ற மாதம் அவர் பதின்மூன்றாம் பக்கத்துக்கு வந்துசேர்ந்தார். பதின்மூன்றும் பதினான்கும் ஒரே தாளின் இரு புறங்கள். முன்புறத்தில் அவர் தட்டுவதற்குக் கையை உயர்த்தியிருக்கிறார். பின்புறத்தில் அவள் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. மகள் கம்பெனியில் விடுப்பு சொல்லியிருக்கிறாள். மாலையில் மகள் வந்து, அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். அப்போது இருவரும் ஒரே வாசலில் நிற்பது தெரிகிறது. வெயில் போனதும் புத்தகத்தை மெதுவாக மூடி, நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள்.