செய்தி புறப்பட்ட இடம்

பீடோங்குக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியை ஆண்டு முடிவில் மூடப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப் புலனத்தில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இருப்பதே பத்தொன்பது பிள்ளைகள். அடுத்த முதலாம் ஆண்டுக்குப் பதிந்திருந்த மூன்று பேரில் இரண்டு பேரைப் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சம் ஒரே பிள்ளை, ஐந்தாம் ஆண்டு ரூபினியின் தங்கை. அவளும் போய்விட்டால் முதலாம் ஆண்டே கிடையாது. அப்படிப்பட்ட பள்ளியை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்?

தலைமையாசிரியர் கல்வி இலாகாவுக்குப் போன் போட்டார். அப்படி எந்த உத்தரவும் இல்லை என்றார்கள். அதைப் பெற்றோர் குழுவில் போட்டார். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டியதோடு சரி.

உமையாள் டீச்சருக்கு அங்கே இருபத்திரண்டாவது வருஷம். தூங்கி எழுந்தால் போகிற அலுப்பெல்லாம் அவளுக்கு எப்போதோ முடிந்துபோயிற்று. இது வேறு அலுப்பு. வியாழக்கிழமை ஐந்தாம் ஆண்டு வகுப்பில், செய்தியை நம்பலாமா என்று எடைபோடும் பாடம். பலகையில் எழுதினாள்: முதலில் சொன்னது யார்? அவருக்கு அது தெரிய வழி உண்டா?

"நம்ம ஸ்கூல மூடப் போறாங்கன்னு ஒரு மெசேஜ் வந்திச்சில்ல, அது எங்கேருந்து கிளம்புச்சின்னு கேட்டு எழுதிட்டு வாங்க."

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான், ஞாயிறு பள்ளி உண்டு. வீட்டுப்பாடம் என்றால் காத தூரம் ஓடும் வகுப்பு அது. யாரும் எழுதப் போவதில்லை, திருத்தும் வேலையும் இல்லை என்ற தைரியத்தில்தான் கொடுத்தாள்.

ஞாயிறு காலையில் ரூபினி நோட்டை நீட்டினாள்.

"ஒவ்வொருத்தரா கேட்டுட்டே போனேன், டீச்சர். எங்கம்மாவுக்கு அனுப்பினது வேன் ஓட்டுற லோகேஸ்வரன் அண்ணே. அவருக்குச் சொன்னது கேண்டீன் தேவகி அக்கா." கொஞ்சம் தயங்கினாள். "தேவகி அக்காகிட்ட நீங்கதான் சொன்னீங்களாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உமையாளுக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாள். கூரை ஒழுகி, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் அடைத்துக் கத்திவிட்டு, இடுப்பு வலியோடு கேண்டீனில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். "இந்த வருஷத்தோட மூடிருவாங்க, பாத்துக்கிட்டே இரு தேவகி. மூடினாத்தான் எனக்கும் நிம்மதி" என்றாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வலி பேசிய பேச்சு அது.

"ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதின?"

"டீச்சர் இங்கதான் வேல செய்றாங்க, அவங்களுக்குத் தெரிய வழி உண்டு, அதனால நம்பலாம்னு எழுதியிருக்கேன்."

பாடம் சொல்லிக்கொடுத்தபடிதான் எழுதியிருந்தாள். அரை மார்க் குறைக்க இடமில்லை.

"நான் அலுப்புல சொன்னதும்மா அது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமலா சொன்னீங்க, டீச்சர்?"

பிள்ளை குத்திக்காட்டவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"ஆமா. தெரியாமத்தான் சொன்னேன்."

பள்ளி விட்டதும் உமையாள் நேராக ரூபினியின் வீட்டுக்குக் காரை விட்டாள். மானம் போனாலும் பரவாயில்லை, முதலாம் ஆண்டுப் பட்டியலில் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு பிள்ளையின் பெயரையாவது காப்பாற்றியாக வேண்டும். ரூபினியின் அம்மா ஷாமளா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உமையாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. பள்ளியை மூட மாட்டார்கள், சின்னவளை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

ஷாமளாவின் கை கொடியிலேயே நின்றது.

"அந்த மெசேஜ நான் நம்பவே இல்ல, டீச்சர். சும்மா பொய்லான்னு விட்டுட்டேன். நேத்துதான் ரூபினி நோட்ட காட்டினா. நீங்க சொன்னதுன்னு எழுதியிருந்திச்சி. அப்பறம் நம்பாம எப்படி? இன்னைக்கு லீவு போட்டு, சின்னவள சுங்கைப் பட்டாணி டவுன் ஸ்கூல்ல பதிஞ்சிட்டு இப்பத்தான் வந்தேன்."

உமையாள் கார்க் கதவைத் திறந்தாள். "மாத்திக்கலாம் ஷாமளா. நான் கூட வரேன்."

"மாத்தலாம். மூட மாட்டாங்கன்னு இப்பச் சொன்னீங்களே, இத தெரிஞ்சு சொல்றீங்களா, டீச்சர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உமையாளுக்கு வாய் வரவில்லை.

"தெரியாதும்மா" என்றாள்.