கிளிஞ்சல் வைத்து ஒரு போக்கர்

நொச்சிக்குப்பத்துப் பக்கிரிக்கு எவனையும் நம்பிப் பழக்கமில்லை. மகள் மோனிஷா கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பாரத், கொட்டிவாக்கத்து ஏசி மெக்கானிக், போனில் போக்கர் ஆடுகிறவன் என்று தெரிந்ததும், சூதாடிக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். காசு வைத்து ஆடுவதில்லை, ஒருநாள் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று பையன் கேட்டான். இவன் புளுகைப் பிடிக்க இதைவிட நல்ல வழி ஏது? பக்கிரி வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காசுக்குப் பதில் கிளிஞ்சல். ஆளுக்கு ரெண்டு சீட்டு, அது அவரவர் கண்ணுக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு, அது பொது. இரண்டையும் சேர்த்து யாருக்குப் பெரிதாக அமைகிறதோ அவருக்கு ஜெயம். சீட்டு திறக்கத் திறக்கக் கிளிஞ்சலை ஏற்றலாம். தேறாது என்று தோன்றினால் ரம்மியில் ஸ்கூட் விடுகிற மாதிரி கவிழ்த்துவிட்டு விலகலாம்.

“கையில ஒண்ணுமே இல்லன்னாலும் ஏத்தலாம் மாமா. எதிராளி பயந்து கவுத்துட்டா நமக்குத்தான்,” என்றான் பாரத்.

“பொய் சொல்றதுக்குன்னே ஒரு ஆட்டமா? நல்லாகீது.”

நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கிற என்னை உட்கார வைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு அவர் பெண்டாட்டி கெங்கம்மா உள்ளே போனாள்.

ஜோடி பெரிதா வரிசை பெரிதா என்பது பக்கிரி மண்டையில் நிற்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தார். பிறகு சீட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்தார். மீன் ஏலத்தில் அவர் செய்வது அதுதான். வஞ்சிரத்துக்கு ஆசைப்படுகிறவன் வஞ்சிரத்தைப் பார்க்கவே மாட்டான். பாரத்துக்கு நல்ல சீட்டு வந்தால் கிளிஞ்சலை அள்ளிப் போட்டான். ஒன்றுமில்லாதபோது ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினான்.

கடைசி ஆட்டம். பக்கிரியிடம் ஏழில் ஒரு ஜோடி, அவ்வளவுதான். நடுவில் ராஜாவும் ராணியும் கிடந்து மிரட்டின. பாரத் கையிலிருந்த அத்தனை கிளிஞ்சலையும் முன்னால் வைத்தான். வைத்துவிட்டு, வரிசையாக அடுக்கினான்.

பக்கிரி தன்னுடையதை மொத்தமாகத் தள்ளினார். “தொற.”

ஒன்பதும் நாலும். எதற்கும் உதவாத சீட்டு.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவன் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கிரி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வான்.

அவன் வண்டி தெரு திரும்பியதும் மோனிஷாவைக் கூப்பிட்டார்.

“அவனுக்குப் பொய் சொல்ல வரல. வூட்டு ஆளுங்கள இட்டுக்கினு வரச் சொல்லு.” அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “கல்யாணத்துக்கு அப்பால எப்பனா டம்ளர வரிசையா அடுக்கிக்கினு நின்னான்னா, இன்னாத்த மறைக்கிறேன்னு கேளு.”