பேக்கரிக் குழாயில் விழுந்த நயாகரா

நயாகரா அருவியை ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். காலை ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறப்பது. அதற்குள் கீழே விழுந்த தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றியாக வேண்டும். நாற்பது மோட்டார் ஓடுகிறது. நாற்பதும் நம்ம பீளமேட்டில் செய்தது. நாலாவது மோட்டாரில் பேரிங் போய்விட்டதென்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இதை என் வீட்டுக்காரி சுப்பாத்தாள் முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

என் பேர் வெள்ளியங்கிரி. வயது எழுபத்தாறு. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். கம்பெனி என்னை ஜாம்பியா, உகாண்டா, சூடான் என்று மூன்று தேசத்துக்கு அனுப்பியது வாஸ்தவம். அங்கே ஆழ்குழாயில் மோட்டார் இறக்கியதும் வாஸ்தவம். அருவி மட்டும் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்த அருவியெல்லாம் கம்பெனி காலண்டரில். ஒரு வருஷம் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அருவி போட்டு, பின்பக்கம் உயரம், அகலம், எந்த நாடு என்று விவரமும் அச்சடித்திருந்தார்கள். டிசம்பர் முடிந்ததும் எல்லோரும் கிழித்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். நான் மனப்பாடம் செய்தேன்.

ஆரம்பித்தது ஜாம்பியாவில். லிவிங்ஸ்டன் என்ற ஊரில் மூன்று வாரம் வேலை. விக்டோரியா அருவி அங்கிருந்து பத்து கிலோமீட்டர். ஊரில் நின்று பார்த்தாலே தூரத்தில் வெள்ளைப் புகை எழும்பும். இடி இடிக்கிற புகை என்று அந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றிலும் ஒரு குஜராத்திக் கடைக்காரரோடு உட்கார்ந்து சீட்டாடினேன். அருவி எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தேன். அது எங்கேயும் போகவில்லை. நான்தான் ஊருக்கு வந்துவிட்டேன்.

சுப்பாத்தாள் பிறந்த ஊர் கொடுமுடி. பங்குனி வந்தால் ஊர் ஊராக ஜனங்கள் வந்து அங்கே காவிரியில் தீர்த்தம் மொண்டு, காவடி கட்டிப் பழனிக்கு நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். தண்ணியைப் பார்க்கப் போனவன் வெறுங்கையோடு ஊடு திரும்பக் கூடாது என்பது அவள் கணக்கு. ‘அங்க பெரிய அருவி இருக்குதாமுங்களே, ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டுட்டு வாங்க’ என்று ஜாம்பியாவுக்கே கடுதாசி போட்டிருந்தாள். எனக்கு அது கோயம்புத்தூர் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ குடித்தேன். கை கழுவுகிற குழாயில் ஒரு பாட்டில் பிடித்தேன். நல்ல சிறுவாணித் தண்ணீர், குறை சொல்ல முடியாது.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ‘எப்படீங்க இருந்துச்சு?’ என்று கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஒரு மணி நேரம் மூடவில்லை.

அப்புறம் அதே பேக்கரிக் குழாயில்தான், உகாண்டாவிலிருந்து வருகிற வழியில் நயாகராவும் இகுவாசுவும். சூடானிலிருந்து வருகிற வழியில் ஏஞ்சல் அருவி. சூடானுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் தென்னமெரிக்கா இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. ஐந்தாவது, அண்டார்டிகாவில் ரத்த நிறத்தில் விழுகிற அருவி. அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, தண்ணீரில் இரும்பு கலந்து சிவந்துபோகிறதாம். அந்தப் பாட்டிலுக்கு மட்டும் பேக்கரி சாமி படத்திலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்துப் போட்டேன். ஐந்து பாட்டிலிலும் என் கையால் பேர் எழுதிச் சீட்டு ஒட்டி, ஆர்.எஸ்.புரம் வீட்டுச் சாமி அலமாரியில் வரிசையாக வைத்தாள். சிவப்புப் பாட்டிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் சொன்ன ஒரு உண்மையை மட்டும் அவள் நம்பவில்லை. ஏஞ்சல் அருவி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம். வெயில் காலத்தில் தண்ணீர் தரைக்கு வருவதற்குள்ளேயே புகைபோலப் பறந்துவிடும்.

“கீழ விழுகாதுன்னா அப்பறம் அது என்னங்க அருவி? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க” என்றாள்.

மோட்டார் கதையை நம்பினாள்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

தொண்ணூற்றேழில் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் கோவைக் குற்றாலம் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்காது. சுப்பாத்தாளையும் கூப்பிட்டார்கள். “நானும் போயிட்டு வாரனுங்களே, நீங்களும் வாங்க” என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நயாகராவே நம்ம ஊட்டு அலமாரியில இருக்குது. இந்தச் சொட்டுக்கு ஆராச்சும் வேன் புடிப்பாங்களா?” என்று கேட்டேன்.

எனக்கு உள்ளே வேறு பயம். நிஜ அருவிக்கு முன்னால் அவளோடு நின்றால், இந்த ஆள் இப்போதுதான் முதல் அருவி பார்க்கிறான் என்று என் முகமே சொல்லிவிடும். சுப்பாத்தாளுக்குப் பூகோளம்தான் வராது. முகம் படிக்க வரும்.

நான் சொன்னதையே அவள் தெருவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருஷம் வேன் கிளம்பியபோது அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் ஓடியது. முழங்கால் இரண்டும் தேய்ந்தன. ஆபரேஷனுக்கு இருதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போன ஆவணியில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “ஏனுங்க, நீங்க அஞ்சு பாத்துட்டீங்க. நான் ஒண்ணு பாக்கோணுமுங்க. சின்னதா இருந்தாலும் சரி. கண்ணால.”

அடுத்த நாள் காலையிலேயே கோவைக் குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டோம். பக்கத்துத் தெரு மதன்குமார்தான் டாக்சி ஓட்டினான். பேரூர், ஆலாந்துறை எல்லாம் தாண்டினோம். அருவியைக் காட்டிவிட்டு அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தத்தில் பாதி அவளுக்குக் கேட்காமலும் போகலாம்.

சாடிவயல் செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுப்பாத்தாள் பையிலிருந்து கொடுமுடிச் செம்பை எடுத்தாள். அவளுக்கு முன்யோசனை உண்டு. அங்கிருந்து வனத்துறை வேன். வேன் நிற்கிற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடை, கல்லும் படியுமாக. இருபத்தைந்து வருஷம் முன்னால் அவள் பேசிக்கொண்டே ஏறியிருப்பாள்.

நாற்பது அடி வைத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து. பிறகு ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உதட்டின் மேல் வேர்வை.

“எனக்கு இவ்வளவுதானுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

“நீயில்லாம எனக்கென்ன அம்மணி வேலை அங்க?”

“தீர்த்தம் ஆரு கொண்டுட்டு வருவாங்க? போங்க. நீங்க பாத்ததுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு. சடுதியில வந்துருவீங்க.”

அங்கே சுற்றுலா வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிற உள்ளூர்ப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், பழனியாத்தாள் என்று பேர். “நான் உக்காந்திருக்கறனுங்க, போயிட்டு வாங்கய்யா” என்றாள். செம்பை வாங்கிக்கொண்டு போனேன்.

அருவி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மேலே பாறை. பாறையிலிருந்து தண்ணீர் விழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் குளித்தார்கள். என் சட்டை நனைந்தது. கால் மணி நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மாதக் காலண்டரில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் திரும்பி ‘பாத்தியா’ என்று சொன்னேன். பக்கத்தில் யாரோ ஒரு ஆள் துண்டு பிழிந்துகொண்டிருந்தான்.

செம்பை நிறைத்துக்கொண்டு இறங்கினேன். ஈரச்சட்டை வழியிலேயே பாதி காய்ந்துவிட்டது. பெஞ்சை நெருங்கும்போது சுப்பாத்தாளின் குரல் கேட்டது. “நாலாவது மோட்டார்லதான் பேரிங் போயிருச்சாமா. இவரு போயித்தான் நயாகராவே ஓடுச்சு.”

பழனியாத்தாள் என்னைப் பார்த்தாள். “ஏனுங்கய்யா, எங்க அருவிக்கும் ஒரு மோட்டார் போட்டுக் குடுத்தீங்கன்னா வெயில் காலத்துக்கு ஆவுமுங்களே” என்றாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. புளுகுவதில் என் ஜாதி ஆள்தான் இவளும் என்று தெரிந்துகொண்டேன்.

சுப்பாத்தாள் செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “எப்படீங்க இருந்துச்சு?”

“தண்ணி விழுகுது.”

“அப்பறம்?”

“அவ்வளவுதான்.”

செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படி ஏறி இறங்கியதில் எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, கோவிச்சுக்க மாட்டேன், வாஸ்தவமாச் சொல்லுங்க. ஏற முடியாமப் பாதியில உக்காந்துபோட்டு, எங்கியாச்சும் குழாயில புடிச்சாந்துட்டீங்களா?”

“அம்மணி, சத்தியமா அருவித் தண்ணி.”

“நயாகரா பாத்துட்டு வந்து ஒரு மணி நேரம் சொன்னீங்க. அதைய ஆராச்சும் பொய்யின்னு சொல்ல முடியுமா? இதுக்கு ஒரு பேச்சு வரலையே உங்களுக்கு.” குரலில் கோபமில்லை. எனக்கும் வயதாகிவிட்டதே என்ற வருத்தம்தான் இருந்தது. “பரவால்லீங்க. குழாய்த் தண்ணியா இருந்தாலும் நீங்க கொண்டு வந்தது” என்று செம்பைக் கீழே வைக்கப் போனாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஐந்தும்தான் குழாய், இது ஒன்றுதான் அருவி என்று. சொன்னால் ஐந்தும் போகும். ஐந்து போன பிறகு ஆறாவதை எந்த வாயால் நிலைநிறுத்துவது? அலமாரியே காலியாகிவிடும். அவளுக்கென்று ஒரு பாட்டில் அருவிகூட மிஞ்சாது.

“அருவிக்குக் கீழ ஒரு யானை” என்றேன்.

செம்பு பாதியில் நின்றது.

“அது குளிச்சு முடிக்கறவரைக்கும் அத்தனை ஜனமும் வரிசையில நிக்குது. எனக்கு முன்னால முப்பது பேரு. அது முதுகைத் தேய்ச்சுக்குது, காதைக் கழுவுது, ஒரு அவசரமும் இல்ல. கடைசியில என் கையில செம்பைப் பாத்துது. என்ன நினைச்சுதோ, துதிக்கையில வாங்கி, அதுவே மொண்டு குடுத்துது.”

சுப்பாத்தாள் செம்பை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “இதைய மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” என்றாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பழனியாத்தாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தினமும் அங்கே நிற்கிறவள். “அது கொஞ்சம் மருவாதி தெரிஞ்ச யானைங்கம்மா” என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் நடந்தாள்.

சாயங்காலம் வீட்டில் செம்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, சீட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். கோவைக் குற்றாலம் என்று எழுதினேன். முதல் ஐந்து சீட்டிலும் எழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். இதில் கோணலாக வந்தது. அவள் அதை வரிசையின் கடைசியில், குங்குமப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து உள்ளே போனாள்.

“ஏனுங்க” என்று அங்கிருந்து கேட்டாள். “அந்த யானைக்குக் கொம்பு இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு” என்றேன். “ஒண்ணு கொஞ்சம் ஒடஞ்சிருந்துச்சு.”